கோழிநிழல்

நோஸகேலே பூக்கதிரை இரண்டு கட்டைவிரலாலும் பிளந்து பார்த்தாள். வெளியே கொழுகொழுவென்று பச்சை. உள்ளே சாம்பல் பூஞ்சணம். வாளியில் போட்டாள். காலையிலிருந்து இது ஏழாவது வாளி. ஏப்ரலில் கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனி லுசிகிசிகி மேடுகளை மதியம்வரை விடாது. உரிமம் வாங்கிக் கஞ்சா வளர்க்கும் அந்தக் கம்பெனியின் வெள்ளைக் கூடாரத்துக்குள் இருபது பெண்கள் வியர்த்தபடி அழுகலைப் பொறுக்கினார்கள். விமானத்தில் வந்த மூன்று ரக விதைகள். மூன்றும் ஒன்றுபோல அழுகின. அடுத்த விளைச்சலும் இப்படிப் போனால் கூடாரத்தைப் பூட்டிவிடுவார்கள் என்று பேச்சு. கணவரின் மூச்சு மருந்து அவள் சம்பளத்தில்தான் வந்தது.

ரகம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு லுக்கோவுடையது. நகரத்தில் படித்தவன், நல்ல பையன், மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"இந்த ஈரத்துக்குத் தாங்குற செடி உங்க யார் வீட்லயாவது இருக்காம்மா?"

"எங்க வீட்ல கஞ்சாவெல்லாம் இல்ல தம்பி. கோழிநிழல்தான் இருக்கு," என்றாள் நோஸகேலே.

பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். லுக்கோ விழித்தான்.

"கோழி படுக்க நிழல் குடுக்குற செடிப்பா! போலீஸ் கேட்டா அப்படித்தான சொல்லணும்? பூ பரட்டைத் தலையாட்டம் இருக்கும். காத்து உள்ள பூந்து வெளிய போயிடும். அப்புறம் எப்படி அழுகும்?"

மறுநாளே அவன் நோஸகேலே வீட்டுக்கு வந்துவிட்டான். இருபது வருடம் தங்கச் சுரங்கத்தில் கல்தூசியைச் சுவாசித்த அவள் கணவர் முசிமாசி, கொல்லையில் பதினோரு செடிகளின் நிழலில், கோழிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். காலை முழுவதும் அவர் இடம் அதுதான். எழுந்து உள்ளே போய், அடுப்புக்கு மேலே தொங்கிய துணி முடிச்சை அவிழ்த்து, இரண்டு கை நிறைய விதை கொடுத்தார்.

"என்ன தரணும் ஐயா?"

"விதைக்கு எவனாவது காசு வாங்குவானா? விளைஞ்சா சொல்லியனுப்பு."

விளைந்தது. அடுத்த பிப்ரவரியில் மூன்று வாரம் விடாமல் மழை. கூடாரத்தில் ஒரு பூவும் அழுகவில்லை. கோழிநிழல் நின்ற தொட்டிகளில் 'பி-7' என்று சீட்டு ஒட்டியிருந்தது. நோஸகேலே அவற்றைத் தன் பிள்ளைகளைப் போலத் தடவிக்கொடுத்தபடி நடந்தாள்; அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வாரமே லுக்கோ ஒரு தாளோடு வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வீட்டுச் செடியோட ஆண்பூத் தூள் காத்துல வந்தா இங்க பூவெல்லாம் விதை வச்சுடும்மா. சரக்கு போகாது. வேலை பாக்குறவங்க வீட்ல ஒரு செடிகூட இருக்கக் கூடாதுன்னு மேலேருந்து உத்தரவு. வெள்ளிக்கிழமைக்குள்ள வெட்டலேன்னா வேலை இல்ல."

"எங்க செடி எங்க பூவையே கெடுக்குமா தம்பி?"

"இப்ப அது கம்பெனி பூம்மா." சொல்லிவிட்டு அவன் தாளை மடித்தான்.

அன்று மாலை சோளமும் பயறும் வேகவைத்துக் கணவர் முன்னால் வைத்தாள்.

"மாக்வாலோ," என்றார். அவள் பிறந்த குலத்தின் பெயரால்தான் எப்போதும் கூப்பிடுவார். "உப்பு போடல. என்ன விஷயம், சொல்லு."

சொன்னாள். அவர் மெல்ல மென்று விழுங்கினார்.

"உப்பை எடு முதல்ல," என்றார்.

விடிந்து அவள் எழுந்தபோது கொல்லை வெளிச்சமாக இருந்தது. பதினோரு செடியும் வரிசையாகக் கிடந்தன. அவர் மடியில் அரிவாளோடு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"உங்களை யாரு வெட்டச் சொன்னா? இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு!"

"நீ வெட்டினா அழுவ. எனக்கு மூச்சுதான் வாங்கும். போ, வண்டி வந்துடும்."

அவர் முதுகை நீவிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். வெயில் ஏறியதும் பி-7 வாடக் கூடாது என்று மேற்பார்வையாளர் நிழல்வலையை இழுத்துவிடச் சொன்னார். இழுத்துவிட்டாள்.

நான்கு மணிக்குத் திரும்பினாள். மொட்டைக் கொல்லையில், அதே இடத்தில், முசிமாசி வெயிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய நிழலுக்குள் கோழிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு படுத்திருந்தன. கிட்டே வராதே என்று அவளுக்குக் கையால் சைகை காட்டினார். கோழிகள் எழுந்துவிடக் கூடாதென்று வாயைப் பொத்தி இருமலை அடக்கிக்கொண்டிருந்தார்.