வில்ஃபின் கல்லில் வெட்ட வேண்டிய வார்த்தை

புருஷனின் கல்லறைக் கல்லில் ஒரே ஒரு வார்த்தை வெட்ட வேண்டும் என்று எனிட் பாராக்ளஃப் கேட்டாள். அதற்கு மூன்று மாதமாக இழுத்தடிக்கிறார்கள். இப்படியும் ஒரு அநியாயம் உண்டா? வில்ஃப் செத்தது மார்ச்சில். ஜூன் வந்தும் அவன் தலைமாட்டில் ஒரு மரச்சிலுவைதான் நட்டிருக்கிறது.

கோயில் தோட்டத்தில் புதைத்தால் கல்லில் என்ன எழுதினாலும் குருவானவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். எனிட் எழுதிக் கொடுத்தது இரண்டே வரி. 'வில்ஃப்ரெட் பாராக்ளஃப், தபால்காரர். தமது அன்யூஷுவல்னெஸுக்காகவே நேசிக்கப்பட்டவர்.' அந்தக் கடைசி வார்த்தையில்தான் வந்தது வினை. நாலு பேரைப்போல் இல்லாத தன்மை என்பது அதற்கு அர்த்தம். வில்ஃபை அறிந்தவர்கள் யாருக்கும் அதில் சந்தேகம் வராது.

வில்ஃப் ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டுத் தெருவில் பின்பக்கமாக நடந்து ஏறுவான். "பாக்கவேண்டியதெல்லாம் கீழதானடி இருக்கு, எதுக்கு மேட்டப் பாத்துக்கிட்டு நடக்கணும்?" என்பான். ஜூலையில் மில்களெல்லாம் ஒரு வாரம் மூடி, ஊரே மூட்டை கட்டிக்கொண்டு பிளாக்பூல் கடற்கரைக்குப் போய் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போது, இவன் வெறிச்சோடிய தெருவின் நட்டநடுவில் ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டு, காலை நீட்டிப் படுத்திருப்பான். எந்த வீட்டுக்குத் தபால் கொண்டுபோனாலும் முதல் வணக்கம் அந்த வீட்டு நாய்க்கு, பேர் சொல்லி. அப்புறம்தான் வீட்டுக்காரருக்கு. நாற்பது வருஷத்தில் அவனை ஒரு நாயும் கடித்ததில்லை. கடித்ததெல்லாம் வீட்டுக்காரர்கள்தான்.

அப்படிக் கடித்தவர்களில் முதல் ஆள் நெவில் ஆக்டன். ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார், கோயிலின் மூப்பர். தன் வாசலில் நின்றுகொண்டு தன் நாய்க்கு அப்புறம் வணக்கம் வாங்கியதை அவர் ஜென்மத்துக்கும் மறக்கவில்லை. கல் விஷயத்தில் குருவானவரின் காதைப் பிடித்து இழுப்பதும் அவர்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம் கோயில் கூடத்துக்கு வரச்சொல்லியிருந்தார்கள். எனிட் நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு, கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள். பைக்குள் பழுப்பேறிய காகிதம் ஒன்று நாலாக மடித்துக் கிடந்தது. அதை வெளியே எடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனாள். வில்ஃப் உயிரோடிருந்தபோதே சொல்லியிருக்கிறான். "அது நமக்குள்ளயே இருக்கட்டும் எனிட். ஒருத்தரக் குத்திக் காட்டி எனக்கு என்ன ஆகப்போகுது?"

கூடத்தில் குருவானவர் பென்ரோஸ் தேநீரும் பிஸ்கட்டும் வைத்துக் காத்திருந்தார். முப்பது வயதுதான் இருக்கும். யார் முகத்தையும் முறித்துக்கொள்ளத் தெரியாத பிள்ளை. பக்கத்தில் ஆக்டன், தடித்த அகராதியோடு. மேசைக்கடியில் அவருடைய நாய் டிங்கர் படுத்திருந்தது.

"எனிட், நாங்க உங்களுக்கு எதிரி இல்ல," என்று ஆரம்பித்தார் பென்ரோஸ். "வேற வார்த்தை ஏதாவது..."

"சொல்லு கண்ணு, கேக்குறேன்," என்றாள் எனிட். ராஜாவே எதிரில் வந்தாலும் யார்க்‌ஷயர்க் கிழவிக்கு அவர் கண்ணுதான்.

ஆக்டன் தொண்டையைச் செருமினார். "எக்ஸென்ட்ரிசிட்டின்னு போடலாம். கௌரவமான வார்த்தை."

"அது மாளிகையில இருக்கறவங்களுக்கு. பணக்காரன் பின்பக்கமா நடந்தா எக்ஸென்ட்ரிக், தபால்காரன் நடந்தா லூஸு. வேற சொல்லுங்க."

"ஆடிட்டி?"

"திருவிழாக் கூடாரத்துல விசித்திரம்னு ரெண்டு தலை ஆட்டுக்குட்டிய டிக்கெட் வச்சுக் காட்டுவாங்களே, அதுக்குப் போடுற பேரு. எம்புருஷனுக்கு ஒரு தலைதான்."

பென்ரோஸ் சிரிப்பை அடக்க பிஸ்கட்டைக் கடித்தார். "யுனீக்னெஸ் நல்லா இருக்குமே?"

"மார்ஜரின் டப்பாவுல கூடத்தான் அது போட்டிருக்கு கண்ணு. வேண்டாம்."

ஆக்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. அகராதியைத் திறந்து விரலால் தட்டினார். "இங்க பாருங்க மிஸஸ் பாராக்ளஃப். நீங்க கேக்குற வார்த்தை இருக்கு, இல்லேங்கல. எங்க இருக்கு? அன்யூஷுவலுங்கிற வார்த்தையோட வாலில, பொடி எழுத்துல, ஒரு வரி அர்த்தம்கூடப் போடாம. பெயருக்கு ஒரு நெஸ் ஒட்டிவிட்ட வார்த்தை! படிச்சவன் எவனும் எழுதமாட்டான். நாளைக்கு வெளியூர்க்காரன் வந்து பாத்தா, இந்த ஊருக்கு இங்கிலீஷே தெரியாதுன்னு சிரிப்பான்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். அவருக்குச் சிரிக்கிறவங்களப் பிடிக்கும்."

ஆக்டன் எழுந்து பென்ரோஸின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். தேநீர்ப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்த தூரத்து மூலையில் நின்று குனிந்து கிசுகிசுத்தார். பாவம், ஒன்றை மறந்துவிட்டார். எனிட் முப்பது வருஷம் தறிக்கூடத்தில் நின்றவள். நூறு தறி ஒரே நேரத்தில் ஓடும் அந்தச் சத்தத்தில் யார் பேச்சும் காதில் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. வம்பு, காதல், சண்டை எல்லாம் அப்படித்தான் நடக்கும். காது மந்தமான பிறகும் அவள் கண் மந்தமாகவில்லை.

"இழுத்துக்கிட்டே போங்க, மறந்துடுவா," என்றது ஆக்டனின் உதடு. "அந்தாளு ஒரு கிறுக்கன். ஊருக்கே தெரியும். அதக் கல்லுல வேற வெட்டி வைக்கணுமா?"

எனிட்டுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது வருஷம் மழையிலும் பனியிலும் இந்த ஆளுக்குத் தபால் சுமந்தவனா கிறுக்கன்? என்னை மன்னிச்சுக்கோ வில்ஃப் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கைப்பையைத் திறந்தாள்.

"மிஸ்டர் ஆக்டன்! நான் மறக்கமாட்டேன். இங்க வாங்க."

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவள் அந்தப் பழுப்புக் காகிதத்தைப் பிரித்து மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"படிச்சவன் எவனும் எழுதமாட்டான்னு சொன்னீங்களே. இத வாசிங்க. சத்தமா வாசிங்க, எனக்குக் காது மந்தம்."

ஆக்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்திலிருந்து பெற்றோருக்கு அனுப்பும் அறிக்கை அது. அதில் எங்கே பிழை பிடிக்கலாம் என்று பார்ப்பவரைப்போல விரலை வைத்துக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தார்.

"வில்ஃப்ரெட் பாராக்ளஃப், வயது ஏழு. காலையில் ஆசிரியருக்கு வணக்கம் சொல்லுமுன் ஆசிரியரின் நாய்க்குச் சொல்கிறான். அடித்தும் திருந்தவில்லை. இவனது..."

விரல் நின்றது. குரலும் நின்றது.

"ம்ம், மேல," என்றாள் எனிட்.

"இவனது அன்யூஷுவல்னெஸ் மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றிவிடும். ஆகையால் இவனைத் தனியே, சுவரைப் பார்த்து உட்கார வைத்திருக்கிறேன்."

"கையெழுத்து?"

ஆக்டன் விரலை எடுத்துக்கொண்டார். பென்ரோஸ் எட்டிப் பார்த்து, "ஹெர்பர்ட் ஆக்டன், தலைமையாசிரியர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது," என்று வாசித்துவிட்டு, வாசித்திருக்கக் கூடாதோ என்று விழித்தார்.

"எங்கப்பா," என்றார் ஆக்டன்.

"ஆமா, உங்கப்பாதான்," என்றாள் எனிட். "ரெண்டு வருஷம், மிஸ்டர் ஆக்டன். ரெண்டு வருஷம் சுவத்தப் பாத்து உக்காந்திருந்தாரு. அந்த வார்த்தைய மட்டும் வச்சுக்கிட்டாரு. கல்யாணத்தன்னிக்கு இந்தக் காகிதத்த எங்கிட்டக் காட்டி, 'இதுதான் எங்கிட்ட இருக்கு, சம்மதமா'ன்னு கேட்டாரு. நான் சம்மதம்னேன். ஏழு வயசுப் பிள்ளை முதுகுல ஒட்டுறப்ப இது வார்த்தையா இருந்துச்சு. அறுபத்தஞ்சு வயசு மனுஷன் தலைமாட்டுல வைக்கறப்ப மட்டும் இங்கிலீஷ் இல்லாமப் போயிடுச்சா?"

ஆக்டன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அவன் மேசையச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டது நான்தான்," என்றார். "அப்பா சொன்னாரு. எனக்கு ஒம்பது வயசு."

"தெரியும்," என்றாள் எனிட். "அவரு சொல்லியிருக்காரு. உங்களக் குத்தம் சொன்னதில்ல. நான் சொல்றேன். ஒம்பது வயசுல பண்ணினதுக்கு இல்ல. சித்த முன்னாடி அந்த மூலையில சொன்னீங்களே, அதுக்கு."

ஆக்டனின் முகம் காதுவரை சிவந்தது. குருவானவர் அதற்கப்புறம் யாரையும் கேட்கவில்லை. படிவத்தை இழுத்து, பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போட்டார். "சிற்பிக்கு இன்னைக்கே போன் பண்ணிடறேன்," என்றார்.

"எழுத்துப் பிழை இல்லாம வெட்டச் சொல்லு கண்ணு. நடுவுல ஒரு எல்தான். வேணும்னா மிஸ்டர் ஆக்டன் சரிபாத்துக் கொடுக்கட்டும்."

ஆக்டன் மெல்லத் தலையாட்டினார்.

எனிட் காகிதத்தை மறுபடி நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள். வாசலைப் பார்த்து இரண்டடி வைத்தவள் திரும்பி வந்தாள். முட்டி வலியோடு, மேசையைப் பிடித்துக்கொண்டு, அதன் அடியில் குனிந்தாள்.

"போயிட்டு வரேன், டிங்கர்," என்றாள்.

நாய் வாலை ஆட்டியது. அவள் நிமிர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகுதான் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"வரேன், மிஸ்டர் ஆக்டன்."