மணிக்கூண்டு திறந்த நாள்

குழித்துறைக் கடைத்தெருவைப் புதுப்பிக்கக் கமிட்டி போட்டதைக் கேட்டதுமே நேசபாய்க்குச் சிரிப்பு வந்தது. புருஷன் செத்த நாளிலிருந்து, பதினாறு வருஷமாக அந்தத் தெருவில் நோட்டுப்புத்தகமும் மையும் விற்கிறவள் அவள். ஜவுளிக்கடை கிருஷ்ணமணிதான் கமிட்டித் தலைவர். தன் கடை வாசலில் நாறிக் கிடக்கிற ஓடையை ஒரு நாள்கூடக் குனிந்து பார்க்காத மனிதர், ஊரை அழகாக்கப் போகிறாராம்.

கூட்டத்தில் திட்டத்தை வாசித்தார்கள். நடுத்தெருவில் ஒரு மணிக்கூண்டு, சுற்றிலும் பூச்செடி, நாலு சிமென்ட் பெஞ்சு, எல்லாக் கடைப் பலகைகளுக்கும் பச்சைச் சாயம். இருபது ஆண்கள் பூம்பூம் மாடுகளாகத் தலையாட்டினார்கள். வந்திருந்த ஒரே பெண்ணான நேசபாய் எழுந்தாள்.

"சந்தைக்கு வாற பெண்ணுவளுக்கு ஒரு கக்கூசு கெட்டணும். இனயத்துலேருந்து மீன் கொண்டு வாறவளுவ வெளுப்பாங்காலம் தொட்டு உச்சி வரைக்கும் அடக்கிட்டு இருக்காளுவ. ஆத்தங்கரைக்குப் போனா அங்க முழுக்க ஆம்பளைய."

கிருஷ்ணமணி மேல்துண்டை இழுத்து விட்டுக்கொண்டார். "நாலு பெரிய மனுசங்க இருக்கப்பட்ட சபை. இந்தப் பேச்சு இஞ்ச வேண்டாம்."

"பெரிய மனுசங்க அங்கயெல்லாம் போறதில்லியா?"

கிருஷ்ணமணி அடுத்த விஷயத்தை வாசிக்கச் சொன்னார். இத்தனை மீசைகளுக்கும் ஒரு சொல்லைக் கேட்கத் தைரியமில்லையே என்று காறித் துப்பாத குறையாக அவள் வெளியேறினாள்.

ஆனால் கடையோடு சேர்ந்த அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு கக்கூஸ் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், இனயத்து ரீத்தா நிறைமாத வயிற்றோடு வந்து கேட்டபோது, மீன்வாடை ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிக் கதவைச் சாத்தியவளும் அவள்தான். அதை அவள் கூட்டத்தில் சொல்லவில்லை.

மணிக்கூண்டு கட்டி முடிந்தது. திறப்பு விழாவுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி மனைவியோடு வந்தார். பேச்சு ஒன்றரை மணி நேரம் நீண்டது. நடுவில் கிருஷ்ணமணி வேர்த்து வழிய நேசபாயின் கடைக்கு ஓடி வந்தார்.

"அந்த அம்மாவுக்கு... கொஞ்சம்... ஒங்களுக்க வீட்டுல..."

"என்னது வேணும்? வாயைத் தொறந்து சொல்லும்."

"கக்கூசு" என்றார், காற்றில் கரைகிற குரலில்.

அந்த நிமிஷத்துக்காகவே பிறந்தவள்போல நேசபாய் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அதிகாரியின் மனைவி பட்டுச்சேலையைப் பிடித்தபடி அவருக்குப் பின்னால் நின்றாள். எதிரே மரத்தடியில் கூடையோடு ரீத்தா உட்கார்ந்திருந்தாள். இவர்களுக்கு ஒரு பாடம் புகட்டலாமென்று நேசபாய்க்குத் தோன்றியது.

"ரீத்தா, வா பிள்ளே. நீ மொதல்ல போ. அவிய பொறவு போவட்டு."

ரீத்தா எழுந்திருக்கவில்லை.

"எனக்கு வேண்டாம். அண்ணைக்கு இல்லாத கதவு இண்ணைக்கு எங்கேருந்து வந்துது? இவரை நாணங்கெடுக்க ஒங்களுக்கு ஒரு மீன்காரி வேணும், அதுக்குத்தானே விளிக்கிய?"

கிருஷ்ணமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நேசபாய் சாவியை எடுத்து அதிகாரியின் மனைவியிடம் கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து கொல்லைக் கதவை அவள் பூட்டவில்லை. முதலில் ஒருத்தி தயங்கி வந்தாள், பிறகு நாலைந்து பேர். காலையிலும் மத்தியானமும் நேசபாயே தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்பி வைத்தாள். ரீத்தா மட்டும் வரவில்லை.

நாலு மாதத்தில் திருவனந்தபுரத்திலிருந்து உத்தரவு வந்து, சந்தைக்குப் பின்புறம் பெண்களுக்கென்று இரண்டு அறை கட்டினார்கள். யோசனை தன்னுடையது என்று கிருஷ்ணமணி பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார். நேசபாய் அவரை மனதுக்குள் நாயே என்று திட்டினாள். வாய்விட்டுத் திட்ட முன்போல வரவில்லை.

ரீத்தா புதிய அறைக்குப் போய்விட்டு அவள் கடையைத் தாண்டித்தான் தினமும் நடந்தாள். ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை.