ஏறுகோடு, இறங்குகோடு

புனேயில், கசார்வாடியில் பழைய மும்பை சாலையை ஒட்டிய அந்தத் துணிக் கம்பெனியில் சூர்யநாராயணன் மேற்பார்வையாளராகச் சேர்ந்தவர். மும்பையில் மூன்று நாள் கருத்தரங்கு ஒன்றில் மத்தியானச் சாப்பாடு வரை உட்கார்ந்துவிட்டு வந்தார். மறுவாரமே அறைக் கதவில் 'கிரியேட்டிவ் டைரக்டர்' என்று பலகை ஏறிவிட்டது. உள்ளே ஒரு மேஜையும் ஒரு கட்டு கிராஃப் தாளும் வைஜயந்தியும் இருந்தார்கள்.

வைஜயந்தி ட்வில் வரைகிறவள். ஜீன்ஸ் துணியில் சாய்வாக ஓடுமே வரி, அதுதான் ட்வில். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மேலே வருமிடத்தில் கட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். கீழிருந்து தொடங்கி வரிசைக்கு ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போனால் கோடு வலப்பக்கமாக ஏறும். அதற்கு இசட் என்று பெயர். இடப்பக்கம் தள்ளினால், இடமிருந்து பார்க்கையில் கோடு இறங்கும்; அது எஸ். அந்த ஆங்கில எழுத்துகளின் நடுக்கோட்டைப் பார்த்தாலே விளங்கிவிடும். சூர்யநாராயணன் அதைப் பார்த்ததில்லை.

2004 அது. வைஜயந்திக்குப் பயிற்சிக்காலம் முடியும் நேரம். வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் டைப் ஆகி அவருடைய டிராயரில் கிடந்தது. மகர்பட்டா ஆர்டர் வந்தால் கையெழுத்து, வராவிட்டால் வீடு என்று அவர் சொல்லியிருந்தார்.

மகர்பட்டாவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. வரவேற்பறை ஆட்கள் போடும் கோட்டுக்குத் துணி வேண்டும். ஒரே நிபந்தனை: துணியில் ஓடும் கோடு, வளர்ச்சி வரைபடம் மாதிரி மேலே ஏற வேண்டும். வைஜயந்தி ஒன்பது மாதிரிகள் வரைந்தாள். நேராகப் போகிறது, மீன்முள் போல மடங்குகிறது, விட்டுவிட்டு ஓடுகிறது என்று ஒன்பதும் ஒவ்வொரு விதம். சூர்யநாராயணன் அவற்றை எடுத்துக்கொண்டு போய், அங்கிருந்து போன் செய்தார்.

"வைஜயந்தி, இவா நாலாம் நம்பரை ஓகே பண்ணிட்டா. ஏறறதுதானே அது? இசட்டா, எஸ்ஸா?"

பக்கத்துத் தறி தடதடத்துக்கொண்டிருந்தது. "எஸ் சார், ஏறறதுதான். இசட்…" என்பதற்குள் லைன் போய்விட்டது.

அவர் ஆர்டர் சீட்டில் பெரிதாக 'எஸ்' என்று எழுதி, அடிக்கோடிட்டு, நாலாம் நம்பர் படத்தோடு நேராகத் தறிக்கு அனுப்பினார். தறிக்காரர் கந்தசாமி இரண்டையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"சார், படத்துல கோடு ஏறுதுங்க. சீட்டுல எஸ்னு போட்டிருக்கீங்க. எதைக் கேக்கறதுங்க?"

"எதுல என் கையெழுத்து இருக்கு?"

"சீட்டுலங்க."

"அப்புறம் என்ன கேள்வி?"

நான்காம் நாள் பத்து மீட்டர் துணி மேஜைக்கு வந்தது. கோடு அழகாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் வர அரைமணி நேரம்.

"நீதானே எஸ்னு சொன்னே?"

"ஆமான்னு சொன்னேன் சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். எஸ்னு சொன்னே."

"நான் சொன்ன எஸ், எழுத்து எஸ் இல்லே சார்."

"ஏம்மா, எஸ்ல எத்தனை எஸ் இருக்கு?"

கந்தசாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சூர்யநாராயணன் துணியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அப்போதும் இறங்கியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கொஞ்சம் மங்கலாக இறங்கியது.

வைஜயந்தி துணியைப் புரட்டிப் போட்டாள். கோடு ஏறியது.

"பின்பக்கத்தையா அவாளுக்குக் குடுக்கறது?"

"இதுல பின்பக்கம்னு தனியா இல்லே சார். ரெண்டு நூல் மேலே, ரெண்டு கீழே. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான், சாய்வு மட்டும் மாறும்."

"நெசந்தானுங்க," என்றார் கந்தசாமி.

சூர்யநாராயணன் அதை நம்பவில்லை. ஆனால் வாசலில் கார் வந்துவிட்டது.

வந்தவன் ஷ்ரேயஸ், புனேயிலேயே வளர்ந்த தமிழ்ப் பையன், அந்தக் கம்பெனியின் மேனேஜர். துணியைத் தடவிப் பார்த்து, "அச்சா இருக்கு அங்கிள், மேலே போறது," என்றான். அத்தோடு விட்டிருக்கலாம். கிரியேட்டிவ் டைரக்டருக்கு வாய் அரித்தது.

"இதோட கான்செப்டே வேற தம்பி. இந்தப் பக்கம் ஏறும். இதோ பாரு, அந்தப் பக்கம் இறங்கும்," என்று புரட்டிக் காட்டினார்.

ஷ்ரேயஸ் முகம் சுருங்கியது. "மத்லப், அதாவது வெளியே கம்பெனி மேலே போறது, அந்தர் சைட்ல, உள்ளே, கீழே வர்றது?"

சூர்யநாராயணன் மேஜையில் இல்லாத எதையோ தேடினார். வைஜயந்தியின் கண் டிராயருக்குப் போய்த் திரும்பியது.

"கோட்டு தைக்கறப்போ உள்பக்கம் லைனிங் துணி வெச்சு மூடிடுவாங்க சார்," என்றாள். "உள்ளே எப்படிப் போறதுன்னு யாருக்கும் தெரியாது."

ஷ்ரேயஸ் கொஞ்சம் யோசித்தான். "ஹாங், எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான்," என்று சொல்லி, அறுநூறு மீட்டருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனான்.

சூர்யநாராயணன் டிராயரைத் திறந்து கடிதத்தை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே பேனா நின்றது.

"அடுத்த வாரம் ரோட்டரி கிளப்ல என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கா. ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்லு. அப்போ எல்லாத் துணிக்குமே ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், இல்லியா?"

இல்லை. மூன்று மேலே, ஒன்று கீழே என்றால் முன்பக்கம் வேறு, பின்பக்கம் வேறு. அதைச் சொல்லத் தொடங்கினால் கிராஃப் தாள் எடுக்க வேண்டும், பென்சில் சீவ வேண்டும், சாயங்காலமாகிவிடும். பேனாவும் மூடிக்குள் போய்விடும்.

வைஜயந்தி தலையை ஆட்டினாள். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று அவர் பார்க்கவில்லை. குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.