படி இறங்கிப் போன சாலை

ஐப்பசி மழை நனைத்த தார்ச்சாலை. அதன்மேல் முதல் வெயில். கண் கூசியது. அவ்வளவு வெளிச்சம், அவ்வளவு நீளம்.

அதில் ஒரு காக்கை நடந்து போனது. பறக்கவில்லை. நடுவில், அவசரமே இல்லாமல், புதிதாக வாங்கிய மனையைச் சுற்றிப் பார்ப்பதுபோல் நடந்தது.

நெடுஞ்சாலையில் காக்கை நடந்து நான் பார்த்ததே இல்லை.

வேலாங்குடிச் சந்தையில் பிறந்த சாலை. பருத்தி வண்டிகள் தடம் போட்டன. வெள்ளைக்காரன் சரளை கொட்டினான். நம் சர்க்கார் தார் ஊற்றி, எண் கொடுத்து, மைல்கல்லுக்குப் பச்சைத் தலை வைத்து, மாநில நெடுஞ்சாலை என்றது.

சந்தையை விட்டால் ஓடைப்பாலம். பாலத்தை விட்டால் தீப்பெட்டி ஆலைகள். அப்புறம் கரிசல், கரிசல், கரிசல். கடைசியில் உப்பளமும் துறைமுகமும்.

நடுவில் எங்கள் ஊர். ஊர் என்றால், சாலைக்கு இரண்டு பக்கமும் கடை. கடைக்குப் பின்னால் மனிதர் தூங்கக் கொஞ்சம் இடம்.

அப்பாவுக்குத் தார்ப்பாய்க் கடை. லாரிக்குத் தார்ப்பாய், லாரிக்குக் கயிறு. லாரி வந்தால் எங்கள் வீட்டில் உலை. நான் எழுத்துக் கூட்டும் முன்பே விலை சொல்லப் பழகியவள். முதல் விலை எப்போதும் இரண்டு பங்கு. குறைத்துக் கேட்பது வருகிறவர் செய்யும் மரியாதை. கேட்காமல் எவரும் வாங்கியதில்லை.

பேரம் படியாமல் படி இறங்குகிறவரைக் கூப்பிடக் கூடாது. அதுவும் பழகினேன். நாலு கடை தள்ளிப் போய்த் திரும்பிவிடுவார். எல்லாரும் திரும்பினார்கள்.

ஒரு கோடையில் பொறியாளர் இன்னாசிமுத்து வந்தார். ஒல்லியான ஆள், கக்கத்தில் சுருட்டிய வரைபடம். சாலையை அகலமாக்கக் கடைக்குப் பத்தடி கேட்டார். கடைத்தெருவின் சார்பில் அப்பா பேசினார்.

“பத்தா? மாப்பிள்ளைக்கே அவ்வளவு குடுக்கிறதில்ல சார். ரெண்டு வச்சுக்கிடுங்க.”

எதிர்ப் பரோட்டாக் கடைக் காசியம்மாள் சத்தமாகச் சிரித்தாள். பொறியாளர் எட்டுக்கு இறங்கினார். ஆறுக்கு இறங்கினார். அப்பா இரண்டரையில் ஏறிச் சம்மணம் போட்டுவிட்டார்.

“அஞ்சடியாவது விடுங்க அண்ணாச்சி. இல்லைன்னா ரோடு ஊருக்கு வெளிய போயிரும்.”

“போகட்டும் சார். காத்தாடப் போயிட்டு வரட்டும்.”

அவர் வரைபடத்தைச் சுருட்டினார். ஹெல்மெட் மாட்டினார். நான் பாதி எழுந்துவிட்டேன். அப்பா என் கையை அழுத்தினார்.

“கூப்பிடாத தாயி. திரும்புவாரு.”

நாலு கடை தாண்டியது பைக். ஐந்து. பத்து. வளைவில் வெயில் மட்டும் நின்றது.

கிழக்கே கரிசலுக்குள் புறவழிச்சாலை எழுந்தது. மண் லாரிகள் வந்தன. அவற்றுக்கும் தார்ப்பாய் விற்றோம். எங்கள் சாலையை மூட்டை கட்ட எங்களிடமே கயிறு வாங்கினார்கள். நல்ல விலை வந்தது.

“பயமுறுத்திப் பாக்காங்க,” என்றார் அப்பா. “அடியைக் கூட்டி வாங்கத்தான்.”

மழை வந்தது, போனது. மறுபடி மழை வந்தது. பிறகு அந்தக் காலை, அந்த வெளிச்சம், அந்தக் காக்கை. கிழக்கே புதுச்சாலையைத் திறந்துவிட்டார்கள்.

லாரி இல்லை. பஸ் இல்லை. சத்தமே இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை தும்மியது எங்களுக்குக் கேட்டது.

“என்ன அண்ணாச்சி, இன்னிக்கு பஸ், லாரி ஸ்டிரைக்கா?” என்றாள் காசியம்மாள். பிசைந்த மாவு ஈரத்துணிக்குள் காத்திருந்தது.

அப்பா காதில் தண்ணீர் புகுந்தவர்போல் தலையை ஒரு பக்கம் சாய்த்து நின்றார்.

கார்த்திகையில் இன்னாசிமுத்து வந்தார். கூடவே பெயின்ட் வாளியோடு ஒருவர். மைல்கல்லின் பச்சைத் தலையில் கறுப்பு ஏறியது. இனி இது மாநிலச் சாலை இல்லை, மாவட்டச் சாலை என்றார்கள்.

அப்பா படி இறங்கி ஓடினார். செருப்பு போடவில்லை.

“சார். அஞ்சடி.”

பொறியாளர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“ஆறு. சரி, எட்டு. நீங்க கேட்ட பத்தே எடுத்துக்கிடுங்க சார்.”

யாரும் எதிர்விலை சொல்லவில்லை. அப்பா தனக்குத் தானே ஏறிக்கொண்டே போனார். என் பிறவியில் நான் கேட்காத கணக்கு. காசியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“இருபது. கடையவே எடுத்துக்கிடுங்க.”

“அங்க ரோடு போட்டாச்சு அண்ணாச்சி,” என்றார் அவர், மிக மெதுவாக.

பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கடைக்கு வந்தார். ஒரு கயிற்றுச் சுருளைத் தொட்டார். விலை கேட்டார். அப்பாவின் வாய் பழக்கத்தில் இரண்டு பங்கு சொன்னது.

அவர் குறைத்துக் கேட்கவில்லை. சொன்னதை அப்படியே எடுத்து நீட்டினார்.

அடித்திருந்தால் தாங்கியிருப்பார் அப்பா. நீட்டிய கையையே பார்த்தார். சாவு விழுந்த துஷ்டி வீட்டில்தான் அப்படிப் பேசாமல் கொடுப்பார்கள்.

“குறைச்சுக் கேளுங்க சார்.”

பொறியாளர் நோட்டைப் பெட்டிமேல் வைத்தார். கயிற்றோடு பைக்கில் ஏறினார்.

“ஒரு தடவ கேளுங்க சார். பாதிக்குக் கேளுங்க, தாரேன்.”

பைக் போய்விட்டது. அதன் பின்னாலேயே போன அப்பா நடுச்சாலையில் நின்றார். தூறல் விழுந்தது. வெகுநேரம் நின்றார்.

ஒதுங்கச் சொல்லி எதுவும் ஹாரன் அடிக்கவில்லை.