கல்செடியும் மாடிச் சாவியும்

எங்கள் ஆர்.கே.புரம் குடியிருப்பின் மொட்டைமாடிச் சாவி சிவஞானம் அண்ணாச்சியின் இடுப்பில் தொங்கியது. அவர் சங்கத்துச் செயலாளர். நவம்பர் கடைசியில் நடக்கும் மலர்க் கண்காட்சியில் பரிசு வாங்கியவர்களுக்குத்தான் மாடியில் தொட்டி வைக்க இடம், முதல் பரிசுக்காரர் கையில்தான் சாவி என்று அவரே விதி போட்டார். தட்டு அகலச் சாமந்தி வளர்த்து வருஷாவருஷம் முதல் பரிசையும் அவரே வாங்கினார்.

எண்பதாம் வருஷம் என் கல்செடியை, இது செடியே இல்லை என்று நுழைவு மேசையிலேயே திருப்பிவிட்டார்கள். அண்ணாச்சியிடம் கெஞ்சி ஒரு வருஷம் தவணை வாங்கினேன். கெஞ்சினேன் என்று எழுதும்போது இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எண்பத்தொன்றிலும் பரிசு இல்லையென்றால் செடி வைத்த என் நாற்பது தகர டப்பாக்களையும் கீழே இறக்கிவிட வேண்டும் என்பது பேச்சு. எங்கள் வீடு தரைத்தளம். வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. இறக்கினால் பொங்கலுக்குள் அத்தனையும் அழுகிப் போகும்.

அதுவரைக்கும் தினமும் சாவிக்கு அவர் வாசலில் போய் நிற்பேன். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். "இந்தப் பக்கத்தை முடிச்சிட்டு வாரேன், இரு" என்பார். பத்து நிமிஷம் ஆகும்.

பூத்துக் குலுங்கும் சாதி எதுவும் என்னிடம் கிடையாது. என்னுடையவை தடவிப் பார்க்க வேண்டிய செடிகள். ஒன்றின் இலையில் ஜவ்வரிசியை வரிசையாக ஒட்டிவைத்ததுபோல வெள்ளைப் புள்ளிகள். பூச்சி விழுந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டு ஷர்மா அம்மாள் அதை ஈரத் துணியால் அரைமணி நேரம் துடைத்தாள். இன்னொன்று பசுவின் நாக்குப் போலச் சொரசொரவென்று இருக்கும். கல்செடியோ அசல் கூழாங்கல்தான், நடுவில் ஒரு கீறல் மட்டும் இருக்கும். காலிம்போங் நர்சரியிலிருந்து பார்சல் வந்த அன்று என் வீட்டுக்காரர் ஜோதிலிங்கம் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"குஞ்சம்மா, நல்லா ஏமாந்துட்ட. காசை வாங்கிக்கிட்டு ஆறு கல்லைப் போட்டு அனுப்பியிருக்கான்."

அப்போது ஏஷியாட் விளையாட்டுப் போட்டிக்காகத் தலைநகரெங்கும் பாலம் கட்டினார்கள். அங்கே சித்தாள் வேலை பார்த்த நம்மூர்ப் பெண்களிடம் கேட்டு, பருபருவென்ற பதர்பூர் மணலைப் பையில் அள்ளி வந்து அதில் நட்டேன். மே மாத அனல் காற்றுக்குக் கயிற்றுக் கட்டிலின் அடியில் ஒளித்து வைத்தேன். மழைக்குப் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டினேன். இதெல்லாம் பெரிய காரியமில்லை. தண்ணீர் ஊற்றாமல் இருப்பதுதான் கஷ்டம். கீறலுக்குள்ளிருந்து புது இலை ஜோடி எழும்பும்போது பழைய ஜோடி சுருங்கி, உமி மாதிரி ஆகிவிடும். பார்க்கப் பரிதாபமாக இருக்கும். முதல் வருஷம் மனசு கேட்காமல் ஊற்றி, ஆறில் மூன்றை நானே கொன்றேன். அதற்குப் பிறகு அந்த மாதங்களில் குவளையை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவதில்லை.

எண்பதில் கண்காட்சி முடிந்த மறுநாள் ஒரே ஒரு பூ வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு வெயிலில் விரிந்து, பொழுது சாய மூடிக்கொண்டது. அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். எண்பத்தொன்றில் மூன்று கல்லிலும் மொட்டு. நேராக அண்ணாச்சியிடம் போனேன்.

"அண்ணாச்சி, இந்தப் பூ மூணு மணிக்குத்தான் விரியும். நடுவரைச் சாயங்காலமா வரச் சொல்லுங்களேன்."

"உன் பூவுக்கு ஆபீஸ் டயம் வேற உண்டோ? அவரு பதினோரு மணிக்கு வாராரு. அவ்வளவுதான்."

பதினோரு மணிக்கு நடுவர் வந்தார். தோட்டக்கலையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற கபூர் சாகிப். ஷாமியானாப் பந்தலுக்குள் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், என் தொட்டியைப் பென்சிலால் தட்டினார்.

"யே தோ பத்தர் ஹை."

கல் என்று அவர் சொன்னதும் கூட்டம் சிரித்தது. "நான் அப்பவே சொன்னேம்லா" என்று அண்ணாச்சி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். தம் கையாலேயே தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய், வெளியே தண்ணீர் டிரம்மின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம்.

"வா குஞ்சம்மா, வீட்டுக்குப் போவோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

தொட்டியைத் தூக்கக் குனிந்தேன். என் கழுத்தில் வெயில் சுள்ளென்று விழுந்தது. அப்போதுதான் உறைத்தது. ஷாமியானாவுக்குள் ஒரே நிழல். மேசையிலேயே இருந்திருந்தால் மூன்று மணியென்ன, விடிய விடிய வைத்தாலும் மொட்டு அசைந்திருக்காது. அண்ணாச்சி அதைக் கொண்டுவந்து நட்ட நடு வெயிலில் வைத்திருக்கிறார்.

"நீங்க போய்ச் சாப்பிடுங்க. நான் வரலை" என்றேன்.

புல்லில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தேன். போகிறவர் வருகிறவரெல்லாம் கல்லுக்குக் காவலா என்று கேட்டார்கள். நான் நிமிரவில்லை. இரண்டரைக்கு ஒரு மொட்டின் நுனியில் மஞ்சள் நூல் மாதிரி தெரிந்தது. அடுத்த அரைமணியில் மூன்றும் விரிந்துவிட்டன. மெல்லிய இதழ்கள், ஒவ்வொன்றிலும் நூறு இருக்கும், பளபளவென்று. அடியில் கல் இருந்த இடமே தெரியவில்லை.

முதலில் குழந்தைகள் வந்தார்கள். பிறகு டீக்காரர், பிறகு கூட்டம். நாலு மணிப் பரிசளிப்புக்காகக் காத்திருந்த கபூர் சாகிப்பும் டீ கிளாஸோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பார்த்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் புல்லில் மண்டியிட்டார். ஒரு விரலால் பூவைத் தொட்டார், பிறகு கல்லைத் தொட்டார்.

"கிஸ்கா ஹை?" யாருடையது என்று கேட்டார்.

"மேரா ஹை" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

முப்பது வருஷ உத்தியோகத்தில் இதைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருப்பதாக அவர் இந்தியில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். காலையில் தட்டியதற்கு என்னிடம் மன்னிப்பும் கேட்டார். பட்டியல் டைப் ஆகிவிட்டது என்று அண்ணாச்சி இழுத்தார். தாம் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே என்றார் கபூர் சாகிப். பிறகு காலையில் என் செடியைத் தட்டிய அதே பென்சிலால் முதல் பெயரை அடித்து, என் பெயரை எழுதினார்.

கோப்பையை அண்ணாச்சிதான் தந்தார். தந்துவிட்டு நகரப் பார்த்தார்.

"அண்ணாச்சி, சாவி."

இடுப்பிலிருந்து அதை அவிழ்க்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. நான் அவசரப்படுத்தவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

மறுநாள் மூன்று மணிக்குக் கால்மணி முன்னால் கதவைத் தட்டினார்கள். அண்ணாச்சியும் அவர் சம்சாரமும் நின்றார்கள், பின்னால் நாலு வீட்டு ஜனம்.

"ஏம்மா, பூ விரியுற நேரம்லா. சாவி தாரியா, இவ பாக்கணுங்கா."

என் மடியில் ஸ்வெட்டர் இருந்தது. ஊசியில் பாதி வரிசை மிச்சம்.

"இந்த வரிசையை முடிச்சிட்டு வாரேன் அண்ணாச்சி" என்றேன். "இருங்க."