மொனிகாவின் பெயரில் ஒரு நேர்த்தி

பேசாலையில் வளர்ந்த பீலிக்ஸுக்கு ஐஸ் என்றால் மீன்பெட்டிதான் நினைவுக்கு வரும். ஐஸுக்கு அதைத் தவிர வேறு வேலை இருப்பதாக அவன் நெடுங்காலம் நினைத்ததில்லை. அதன்மேல் கத்தி பூட்டிய சப்பாத்தோடு ஓடி, ஒரு றப்பர் வட்டுக்காக முட்டிமோதுகிறவர்களை முதன்முதலாகப் பார்த்தபோது, மீன் எங்கே என்றுதான் தேடினான். அது மூன்று வருடத்துக்கு முந்திய கதை. இப்போது குடியேறி வாழும் பலெர்மோ நகரில், சீசா பகுதியில், அவனை விஞ்சிய ஐஸ் ஹொக்கி ரசிகன் கிடையாது. சீசாவில் வேறு ஐஸ் ஹொக்கி ரசிகனே கிடையாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எல்லாம் ஜெனனியால் வந்தது. கனடாவில் இருக்கும் தங்கை செலஸ்ரீனாவின் மகள், பதினான்கு வயது, ஸ்காபரோவில் ஒரு பெண்கள் அணிக்குக் கோல் காக்கிறவள். அந்தச் சனிக்கிழமை அவர்களுடைய லீக்கின் இறுதிப்போட்டி. அங்கே காலை பதினொரு மணி, இங்கே பின்னேரம் ஐந்து. செலஸ்ரீனா பார்வையாளர் வரிசையில் இருந்தபடி வீடியோ அழைப்பில் காட்டிக்கொண்டிருந்தாள். குசினி மேசையில் சீனிப்போத்தலில் டப்லெட்டைச் சாய்த்துவைத்துவிட்டு பீலிக்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். முக்கியமாக ஏதும் நடந்தால் செலஸ்ரீனாவின் கை ஆடும். கூரை விளக்குகள் மட்டும் தெரியும். விழுந்த நான்கு கோல்களில் மூன்றை அவன் விளக்குகளாகவே பார்த்தான்.

இரண்டுக்கு இரண்டு. முடிய ஆறு நிமிடம். பீலிக்ஸுக்கு வியர்த்தது. ஜெனனி வெல்லவேண்டும் என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது. வென்றுவிடுவாளோ என்ற பயத்தில் கண் மேசையின் மறுபக்கம் போய்வந்தது.

எதிரே அவன் மனைவி மொனிகா போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். பொலிதேயாமாப் பக்கத்தில் லிஃப்ட் இல்லாத ஆறு பழைய கட்டடங்களின் படிகளைக் கழுவுவது அவள் வேலை. திங்கள் முதல் சனி மத்தியானம் வரை படி. ஞாயிற்றுக்கிழமை கோயிலில்கூட, படியில்லாத பக்கவாசலால்தான் உள்ளே போவாள்.

பீலிக்ஸ் தங்களுடைய பக்கத்துச் சத்தத்தை நிறுத்தினான்.

"மொனி, ஒரு விசயம் கதைக்கவேணும்."

"கதையுங்கோ."

"செவ்வாய்க்கிழமை சாந்தா ரொசாலியாவுக்கு ஒரு நேர்த்தி வைச்சனான். பிள்ளை வெண்டால் வெறுங்காலோடை அவவின்ரை கோயிலுக்குப் பெல்லெகிரினோ மலை ஏறிறதெண்டு."

"நல்லதுதானே. முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு போங்கோ."

"ஏறிறது நீ."

கத்தி நின்றது. போஞ்சி ஒன்று பாதியில் நின்றது.

"என்ரை முழங்கால் வீங்கிக் கிடக்கிறது புனிதைக்குத் தெரியும்தானே. பொய் நேர்த்தி வைக்கேலாது" என்றான் பீலிக்ஸ்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

"நேர்த்திக்கு ஆர் ஆளைக் கேக்கிறது? அம்மா மடுமாதாவுக்கு என்ரை தலைமயிரை நேர்ந்தவ. என்னைக் கேட்டே நேர்ந்தவ?"

"உங்களுக்கு அப்ப எட்டு மாசம். எனக்கு நாப்பத்தாறு வயசு."

"இனி மாத்தேலாது மொனி. வைச்ச நேர்த்தியைச் செய்யாட்டிப் பிள்ளைக்குத்தான் ஏதும் வரும்."

அதை மொனிகாவும் மறுக்கவில்லை. நேர்த்தி நேர்த்திதான், யார் வாயால் போனாலும் யார் காலில் விழுந்தாலும் கடன் கடன்தான். ஆனால் ஜெனனி தோற்றால் நேர்த்தியே இல்லை. இந்தக் கணக்கு அவள் முகத்தில் மெல்ல விடிவதை பீலிக்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் போஞ்சியை ஒதுக்கிவிட்டு டப்லெட்டைத் தன் பக்கம் திருப்பினாள். மூன்று வருடத்தில் முதல் தடவை.

"மற்றப் பக்கம் என்ன நிறம்?"

"சிவப்பு."

"நல்ல கெட்டிக்காரப் பிள்ளையள் போலை கிடக்கு."

"அண்ணை, உங்கடை சத்தம் வரேல்லை" என்றாள் செலஸ்ரீனா டப்லெட்டுக்குள்ளிருந்து. பீலிக்ஸ் அவசரமாக அழுத்திச் சத்தத்தைத் திறந்தான். மொனிகா அதைக் கவனிக்கவில்லை. கைகளைக் கூப்பி, "சாந்தா ரொசாலியாத் தாயே, அந்தச் சிவப்புப் பிள்ளையள் பாவம், ஒரு கோல் குடும்" என்றாள்.

ஸ்காபரோவில் கூரை விளக்குகள் மட்டும் தெரிந்தன.

"மச்சாள்," என்றாள் செலஸ்ரீனா, "எங்கடை ஆக்கள் நீலம்."

"ஓமோ. எனக்கு உது பழக்கமில்லை மச்சாள்."

ஆறு நிமிடமும் கோல் இல்லாமல் போயிற்று. இனித் தனித்தனியாக அடித்துப் பார்ப்பது: ஒருத்தி வட்டைத் தள்ளிக்கொண்டு வருவாள், கோல் காக்கிறவள் தனியே நிற்பாள். முறைகள் முடியும்போது நீலத்துக்கு ஒரு கோல் அதிகம். சிவப்புக்குக் கடைசி அடி. ஜெனனி இதை மறித்தால் கோப்பை.

சிவப்பில் ஆகச் சின்னப் பிள்ளை புறப்பட்டாள். மொனிகா அவளுக்காக உதட்டைக் கடித்தாள். "வா பிள்ளை, வா" என்று மெதுவாகச் சொல்லவும் சொன்னாள். அந்தப் பிள்ளை வலப்பக்கம் போக்குக் காட்டி இடப்பக்கம் அடித்தது. செலஸ்ரீனாவின் கை அதிசயமாக ஆடவில்லை. ஜெனனி ஐஸில் விழுந்து வலது காலை நீட்டுவது பட்டப்பகல்போலத் தெரிந்தது.

அதே கணத்தில் மொனிகாவின் வலது காலும் தன்பாட்டில் நீண்டது. மேசைக்குக் கீழே பீலிக்ஸின் வீங்கிய முழங்காலை அது போய் அடித்தது. வட்டு ஜெனனியின் காலில் பட்டுத் தெறித்தது.

பீலிக்ஸ் அழுதான். வெற்றியாலா முழங்காலாலா என்று அவனுக்கே தெரியவில்லை. கூரை விளக்குகள் சுழன்றன. மொனிகா தன் காலை, காட்டிக்கொடுத்த ஆளைப் பார்ப்பதுபோல, நெடுநேரம் பார்த்தாள்.

"நாளைக்கு விடிய ஆறு மணிக்கு" என்றாள் கடைசியில். "நீங்களும் வாறியள்."

"என்ரை முழங்கால்..."

"நான் வெறுங்கால் எண்டால் என்ரை சப்பாத்தை ஆர் காவிறது?"

அதற்குள் முகமூடியைக் கழற்றிவிட்டு ஜெனனி திரைக்குள் வந்துவிட்டாள். தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

"மாமி, பாத்தனீங்களே?"

"ஓம் பிள்ளை. மாமி மறக்கமாட்டன்."

"நாங்கள் இனி மாகாணப் போட்டிக்குப் போறம் மாமா. அடுத்த மாசம்."

பீலிக்ஸின் கண்கள் குளிர்ப்பெட்டியின் மேல் இருந்த சாந்தா ரொசாலியாவின் படத்தை நோக்கி உயர்ந்தன. உதடுகள் பிரிந்தன. ஒரு சொல் வெளியே வருமுன் மொனிகா மேசைக்கு மேலால் பாய்ந்து, போஞ்சி மணக்கும் கையால் அவன் வாயை இறுகப் பொத்தினாள்.