ஏழு சிவப்புப் புள்ளிகள்

குளிர்பெட்டியின் மேல் சரிந்த மாலையை நேராக்கிக்கொண்டிருந்த உண்ணாமலை, பந்தலுக்குள் ரஞ்சிதா வருவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். கணவனின் தலைமாட்டைவிட்டு அவள் அசைந்தது விடிந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. ரஞ்சிதாவின் கையைப் பிடித்து வசந்தகுமாரின் மேசை இருந்த அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். பந்தலில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்க வீட்டில் கதவைச் சாத்துகிறவளை அவர்கள் கண்டதில்லை.

வசந்தகுமார் பல்கலைக்கழகத்தில் கைபேசிச் செயலிகள் செய்யக் கற்றுக்கொடுத்தவர். ரஞ்சிதா அவரிடம் ஆராய்ச்சி செய்பவள். அவர்கள் குடியிருந்த கீரமங்கலத்து ஆட்களுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. போன் வாத்தியார் என்று பேர் வைத்து, கெட்டுப்போன போன்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது தன் வேலை இல்லை என்பார். சொல்லிக்கொண்டே திருப்புளியைத் தேடுவார்.

அவருடைய மாணவர்களுக்குக் கடைசிப் பரீட்சை இந்த வீட்டில்தான். செய்த செயலியை உண்ணாமலை கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். எட்டாவதோடு நின்ற அவள், மீன் கழுவிய ஈரக் கையோடு அங்கே இங்கே அமுக்கிப் பார்ப்பாள். அவள் தொட்ட ஒவ்வொரு இடமும் நேரத்தோடு பதிவாகும். வேலை நடக்காத இடத்தைத் தொட்டால் சிவப்புப் புள்ளி. ஒன்பது வருஷமாக இப்படி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவள் தன்னையே கேலி செய்துகொண்டால் அவர் விடமாட்டார். கூடம்தான் கோணல், கட்டியவன் கையை உடைக்க வேண்டும் என்று பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும் மாணவனைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே அவள் சில சமயம் வேண்டுமென்றே தப்பாக அமுக்கியிருக்கிறாள்.

முந்தாநாள் சாயங்காலம் அவள் போனில் புதிய முகப்பு ஒன்றைப் போட்டுக்கொடுத்தார். எழுத்துக் கூட்டத் தெரியாத பெண்களுக்காக, எல்லாம் படங்களாக இருந்தது. ஆபத்துக்கு ஒரு ஆம்புலன்ஸ் படம். மறுநாள் காலையில், காபித் தம்ளரை வாங்கக் கை நீட்டியவர் அப்படியே சரிந்தார். உண்ணாமலை போனை எடுத்தாள். படம் அகப்படவில்லை. அமுக்கினாள், அமுக்கினாள், எதுவும் திறக்கவில்லை. ஒருவழியாகக் கண்டுபிடித்து வண்டி வந்தது. போகும் வழியில் மூச்சு அடங்கிவிட்டது.

நல்ல சாவு, கிடையில் விழாமல் போய்விட்டார் என்று வந்தவர்கள் எல்லாம் ஆறுதல் சொன்னார்கள். அந்தப் போன் விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"நான் அமுக்குனதெல்லாம் ஒன் லேப்டாப்புக்கு வந்துருக்கும்ல தாயி?" என்றாள் இப்போது. "எம்புட்டு நேரமாச்சு?"

ரஞ்சிதா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "சீக்கிரமாவே அமுக்கிட்டீங்கம்மா. பதினஞ்சு செகண்டுதான்."

"காட்டு."

"அம்மா..."

"காட்டு ஆத்தா. ஒம்பது வருசமாப் பாக்குறேன். பதினஞ்சு செகண்டு எம்புட்டுன்னு எனக்குத் தெரியும்."

பொய் சொல்லிப் பழகாத பிள்ளை. லேப்டாப்பைத் திறந்துவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு நிமிஷம் ஐம்பது செகண்டு. திரையின் அடிப்பக்கத்தில் ஏழு சிவப்புப் புள்ளிகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஆம்புலன்ஸ் படம் மேல்மூலையில் இருந்தது.

"கீழ இருந்தா பிள்ளைங்க தெரியாமத் தொட்டுருவாங்க, வண்டி வீணா வந்துரும், மேல வையின்னு சார் சொன்னாங்க. நான்தான் வச்சேன்" என்றாள் ரஞ்சிதா. "ஏழும் ஒரே எடத்துல விழுந்துருக்கும்மா. ஒங்க மேல தப்பில்ல. படம் அங்கதான் இருந்துருக்கணும்."

உண்ணாமலைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தன் கை தப்பில்லை என்றால் அவர் தப்பு என்றாகிறதே. வெளியே பெட்டிக்குள் படுத்திருக்கிற மனுஷன்மேல் அந்தப் பழியைப் போடுவதா? அதைவிடத் தானே சுமந்துவிடலாம், சாகும்வரை சுமக்கலாம்.

"அவுகளச் சொல்லாத. நான்தான் பதறிட்டேன்."

உண்ணாமலையின் அண்ணன் பெரியகருப்பன் கதவைத் தட்டினார். குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க நேரமாகிவிட்டதாம், பிறந்த வீட்டுக் கோடித்துணியும் வந்துவிட்டதாம். வருகிறேன் என்று குரல் கொடுத்தாள். ஆனால் கண்ணை அந்தப் புள்ளிகளிலிருந்து எடுக்க முடியவில்லை.

"இது எம் போன்ல மட்டுந்தானே இருக்கு?"

"இல்லம்மா. மணமேல்குடிப் பக்கம் நாப்பது பேரு போன்லயும் போட்டாச்சு. சார் சொல்லி வச்சத நான் எப்படி மாத்துறதுன்னு..."

நாற்பது பேர். நாற்பது வீட்டிலும் காபி வாங்கக் கை நீட்டுகிற ஒருத்தர் இருப்பார். உண்ணாமலை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அவுகதான் தப்பா வச்சுட்டாக" என்றாள். சொன்ன பிறகு குரல் இளகிவிட்டது. "எத்தனையோ தடவ வச்சுருக்காக. நான் சொல்லுவேன், மாத்துவாக. இதச் சொல்லத்தான் நேரமில்லாமப் போச்சு. நீ கீழ வையி. கட்டைவெரலு எட்டுற எடத்துல. பிள்ளைக தொட்டா ரெண்டாந்தடவ கேக்குற மாதிரி பண்ணு."

"இப்பவாம்மா?"

"இப்பவே. அவுகளத் தூக்குறதுக்குள்ள நாப்பது பேருக்கும் போயிரணும்."

அண்ணனோடு அவள் நீர்மாலைக்குப் போய் வந்தாள். கோடி போர்த்தினார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். எல்லாம் முடிந்தும் தலைமாட்டைவிட்டு நகர மறுத்தாள். பெரியகருப்பன் இரண்டு தடவை கெஞ்சிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பொறுங்கப்பா என்று பாடை தூக்க வந்தவர்களிடம் சொன்னார். எதற்குப் பொறுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது.

மணமேல்குடியிலிருந்து வந்திருந்த மூன்று மீன்காரப் பெண்கள் பந்தல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் சுருக்குப்பைக்குள் போன் சின்னதாகச் சத்தம் போட்டது. துக்க வீட்டில் இதென்ன என்று கூச்சப்பட்டு அவசரமாக எடுத்தவள், திரையைப் பார்த்துவிட்டுச் சற்று நிதானித்தாள். அவளுடைய கட்டைவிரல் தேடாமலே கீழே போய், ஆம்புலன்ஸ் படத்தைத் தொடாமல் அதன்மேல் நின்றது.

அதைப் பார்த்த உண்ணாமலை எழுந்து, தூக்குகிறவர்களுக்கு வழிவிட்டாள்.